காது கொடுக்காத பெட்டி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரைப் பெற்று ஆளாக்கினேன். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாய் திறக்கக் கூடாது, பேசினவரும் சீக்கிரம் முடித்து அடுத்தவருக்கு விடவேண்டும் என்று சோறு போடும்போதே சொல்லி வளர்த்தேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

அயனம்பாக்கத்தில் கடைசி மகனோடு இருக்கிறேன். மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்கெங்கோ இருப்பவர்களுக்குப் பதில் சொல்வாள். போன ஆடியில் எதிர் பிளாட் சுவரில் ஒரு போன் கம்பெனி, தெருவுக்கு சிக்னல் கொடுக்க வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனது. அன்றிலிருந்து இவள் பேச்சு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. இன்னொரு முறை அறுந்தால் ஆபீசுக்கே வந்துவிடு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் போவாள்? வேலையைத்தான் விடவேண்டும்.

மகன் ஆறு கொம்பு வைத்த பெரிய வைஃபை பெட்டி வாங்கி வந்தான். இன்னும் மோசமானது.

மாடியில் குடியிருக்கும் மதுரைப் பிள்ளைக்கு இந்த போன், வைஃபை துறையில்தான் வேலை. அவர்தான் இறங்கி வந்து பார்த்து விளக்கினார். எதிர்ப் பெட்டியும் நம் வைஃபையும் ஒரே அலையில்தான் பேசுகின்றனவாம். அந்த அலைக்கு லைசென்ஸ் வேண்டாம், யாரும் பேசலாம். வைஃபை, வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கும். அந்தப் பெட்டி காது கொடுப்பதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. புதிதாக வாங்கியதற்குக் காது கூர்மை, அதனால் இன்னும் அதிகமாகக் காத்துக் கிடக்கிறது.

"நம்மளுது ஒழுங்கா வளந்த பிள்ளைம்மா. அதான் வாயைத் திறக்காம நிக்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

அவரே கம்பெனிக்குப் புகார் எழுதிப் போட்டார். ஆள் வந்து ஏணி போட்டதும் நான் போய்க் கீழே நின்றுகொண்டேன்.

"இன்னா தம்பி, உங்க பொட்டிக்குக் காதே வெக்கிலியா?"

"காதெல்லாம் கீது ஆயா. மாட்டுனவன் அத்த தொறந்து வுடாமலே போய்ட்டான்."

லேப்டாப்பைத் தட்டி, பெட்டி முதலில் கேட்டுவிட்டு, கொஞ்சம் பேசி, பிறகு நிற்கும்படி வைத்தார். இறங்கும்போது, "இதுவும் பேசணும் ஆயா. தெருவே போன் வெச்சிகினு கீது" என்றார்.

"அது மொற வரும்போது பேசட்டும்பா. யாரு வோணான்னது?"

மறுநாள் மருமகள் அறைக்கு வெளியே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் குரல் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. வேலை முடிந்து வெளியே வந்தவள் குழந்தையை வாங்கிக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் எனக்குக் கால் வலித்ததே தெரிந்தது.

எழுத்துக் கூட்டித்தான் எழுதியிருக்கிறேன். பெரிய பேத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள். வாடி கண்ணு, இதை எனக்குப் படித்துக் காட்டு. தப்பு இருந்தால் முழுக்கப் படித்த பிறகு சொல்.