மூன்று பேர் கைகோர்த்த புளியமரம்

அப்பா போய் இந்த ஆவணியோடு பத்து வருடம் ஆகிறது. ராஜாங்கம் என்று பெயர். கல்லூரியில் இருபத்தாறு வருடம் தமிழ் இலக்கியம் நடத்தினார். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் பஸ் ஏறிக் கல்வராயன் மலைக்குப் போய்விடுவார். திரும்பும்போது பையில் நெல்லிக்காயோ நாவல்பழமோ இருக்கும். எங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்த பிறகுதான் சட்டையைக் கழற்றுவார்.

வடக்கனந்தலில் நாங்கள் பஸ் ஏறுகிற இடத்தில் ஒரு புளியமரம் இருந்தது. சின்ன வயதில் நானும் அண்ணன் சுபாஷும் அப்பாவோடு கைகோர்த்து அதைச் சுற்றி நின்றிருக்கிறோம். அப்படியும் கை எட்டாது. "இந்த ரோட்டுலயே இதாண்டா பெருசு" என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அண்ணன் அதை மறக்கவில்லை. எண்பத்தேழில் எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். எதைச் சாய்த்தால் ஒரு வண்டியும் போகாது என்று கூட்டத்துக்குக் காட்டியது அண்ணன்தான். அந்தப் புளியமரத்தில் முதல் வெட்டும் அவனுடையதுதான்.

சாய்ந்து கிடந்த மரத்தை அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நான்தான் அவனுக்குக் காட்டிக் குடுத்தேன்" என்றார் அம்மாவிடம். அதன் பிறகு மூன்று வருடம் அண்ணனோடு பேசவில்லை.

"வாய மூடிக்கினு எத்தினி நாளைக்கி இருப்பீங்க? பெத்த புள்ளதான அது" என்று அம்மா கேட்டும் பயனில்லை. வகுப்பில் மணிக்கணக்காகப் பேசிய மனிதருக்கு வீட்டில் இப்படி ஒரு வீம்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நெல்லிக்காயில் அண்ணன் பங்கு மட்டும் ஒருநாளும் குறையாது. "அவனுக்கு எடுத்து வை" என்பார் என்னிடம், அவன் எதிரிலேயே.

தொண்ணூறில் எனக்கு விவசாயக் கல்லூரியில் சீட்டு கிடைத்தது. புது இடஒதுக்கீடு வந்திராவிட்டால் என் மார்க்குக்கு அது கிடைத்திருக்காது. அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போய், வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் நீட்டினார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான்.

அப்பா அவன் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்தப்ப கையெல்லாம் கொப்புளமா இருந்துச்சேடா. எப்ப ஆறுச்சு?"

"அப்பவே ஆறிடுச்சிப்பா" என்றான் அண்ணன்.

சீட்டு கிடைத்தது எனக்கு. கொட்டகையில் நின்று அழுதது அவர்கள் இரண்டு பேர்.