மேடைக்கு வந்த சாவு மேளம்

"கலைக்கு எதுக்குடி மேனேஜரு? அரிசி மில்லுக்குன்னாலும் ஒரு அர்த்தம் இருக்கு" என்றாள் அம்மா. சென்னையில் ஒரு வருஷம் கலை மேலாண்மை படித்துவிட்டு வந்து, அரியலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் என் வேலையைச் சொன்னால், "டான்ஸ் டீச்சருங்களா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடி பெரம்பலூரோடேயே சேர்த்துவிட்டிருந்த சமயம் அது. மாவட்டமே யாரென்று தெரியாமல் முழித்தபோது, என் வேலைக்கு மட்டும் என்ன வாழ்ந்தது!

எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது அண்ணனுக்காக. எங்கள் தெருவில் பறை அடிப்பவர்களில் முன்னால் நிற்பவர் அவர்தான். ஊரில் யார் செத்தாலும் ஆள் வரும். வர முடியுமா என்று கேட்க மாட்டான், "வந்து சேரு" என்பான். காய்ச்சலில் கிடந்தாலும் போயாக வேண்டும். ஒரு நாள் அண்ணன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "இனிமே சாவுக்கு அடிக்க மாட்டோம். மேடையில அடிச்சுப் பொழைச்சிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் தெரு ஆட்களை யாரும் களையெடுக்கக் கூப்பிடவில்லை. மேடை கிடைக்காவிட்டால் அண்ணனின் மானத்தோடு தெருவே பட்டினி. அந்த மேடையைப் பிடித்துத் தர வேண்டியவள் நான்.

பிடித்தேன். அரியலூரில் கலைவிழா. போலீஸ் பர்மிஷன், மைக்செட், ஜெனரேட்டர், சாப்பாட்டு டோக்கன் எல்லாம் என் தலையில். அவ்வளவு பேர் உட்கார டவுனில் வேறு இடம் அமையாமல் ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசினோம். விழாவுக்கு மறுநாள் காலை அங்கே முகூர்த்தம், சாயங்காலத்துக்குள் காலி செய்துவிட வேண்டும் என்று பேச்சு. சாமிக்கு அடிப்பது, கல்யாணத்துக்கு அடிப்பது, ஆட்டத்துக்கு அடிப்பது, இவ்வளவுதான் என்று அண்ணனும் நானும் முடிவு செய்திருந்தோம். சாவு அடி கிடையாது. அதை விட்டு வெளியே வரத்தானே இத்தனை பாடு!

விழாவுக்கு ஆலோசகராகச் சென்னையிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை. எங்கள் ஆட்களைத் தோளில் கைபோட்டு அணைப்பார், கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார். நல்ல மனுஷன்தான், தொல்லையே அதுதான். அண்ணன் மூன்றையும் அடித்து முடித்ததும் சார் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "இவங்க உயிரே சாவு மேளத்துலதான் இருக்கு. அதைக் கேட்காமப் போகலாமா?"

ஓடிப்போய், "சார், இது கல்யாண மண்டபம் சார். அவங்க அதை விட்டுட்டாங்க சார்" என்று கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே மைக்கிலேயே, "மேனேஜர் மேடம் வெட்கப்படுறாங்க" என்றார். முன்வரிசை கைதட்டியது. சென்னையில் நடக்கப்போகும் பெரிய விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுப்பது அவர்தான். அது அண்ணனுக்கும் தெரியும். என்னைப் பார்க்காமல் குனிந்துகொண்டு அடித்தார்.

பெண் வீட்டுக்காரர்கள் சீர்ப் பாத்திரங்களோடு வாசலில் வந்து இறங்கியது அந்த நேரம் பார்த்துத்தான். அது எந்த அடி என்று இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்ணின் அம்மா கையில் குத்துவிளக்கோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, "நாளைக்கு எம்மவ கழுத்துல தாலி ஏறணுமே, பாவிங்களா!" என்று அழுதாள். சார் அவளிடம் போய், "இது ரொம்பத் தொன்மையான கலைம்மா" என்று விளக்கினார். அட கடவுளே! அங்கேயே அவரை நாலு அறை அறையலாம் போல இருந்தது எனக்கு. மண்டபத்துக்காரர் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "டேய், எல்லாத்தையும் கழுவி வுட்டுட்டுப் போடா" என்றார். சாரின் கார் கிளம்பிப் போய்விட்டது. தண்ணீரில் மஞ்சள் கரைத்து மண்டபம் முழுக்க நாங்கள்தான் கழுவினோம். வாளியை நான் வாங்கப் போனபோது அண்ணன் தரவில்லை.

அதன்பிறகு பெரம்பலூர் பக்கமும் ஒருத்தரும் மேடை தரவில்லை. "அந்தக் குரூப்பா? ராசியில்லீங்க" என்றார்கள். நானும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு நாள் சாரே போன் செய்தார். "உங்க அண்ணன் செலக்ட் ஆயிட்டார்மா! சென்னையில பத்து நிமிஷம். சாவு மேளம் மட்டும் போதும்."

வீட்டுக்கு ஓடினேன். அங்கே வாசலில் ஊர்க்காரன் ஒருத்தன் நின்றிருந்தான். மேலத்தெருவில் பெரியவர் ஒருவர் இறந்திருந்தார். "வந்து சேரு" என்று அவன் சொல்லியாகிவிட்டது. நான் அண்ணனை உள்ளே இழுத்து, "போவாதண்ணே! சென்னைக்குக் கூப்பிட்டிருக்காங்க. சாவு மேளமே அடிச்சாலும் அது மேடைதானே, சாவு இல்லையே" என்றேன்.

"ரெண்டு பேரும் கேக்குறது ஒரே அடிதான் பாப்பா" என்றார் அண்ணன். "இங்க அடிச்சா அழுவுறதுக்கு நாலு பேராவது இருப்பாங்க. அங்க கை தட்டுவாங்க."

ஆணியில் தொங்கிய பறையை எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்றவன் பின்னால் போனார்.