பூதத்துக்குப் பல்செட்

பல்செட் கட்டுகிறவரிடம் யாரையாவது அறிமுகப்படுத்தி வைத்தால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். "இவர் என் மச்சான், பேங்க்ல இருக்கார்" என்று சொன்னால், மச்சான் சிரிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். சிரித்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் மறக்க மாட்டார். ஆள் பேரும் பேங்க் பேரும் மறந்துபோகும். மேல்வரிசையில் கோரைப்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது மட்டும் அப்படியே மனசில் நிற்கும்.

பல் ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறைதான் அவருடைய ராஜ்யம். மேலே டாக்டரம்மா பல் போனவர்களின் வாயில் அச்செடுத்துக் கீழே அனுப்புவார். இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, ஈறு வைத்து, வேகவைத்து, ராவி, மெருகேற்றி மேலே அனுப்புவார். அவர் புருவம் முதல் டீ டம்ளர் வரை வெள்ளைத் தூசி படிந்திருக்கும். அவருடைய பல்செட்டில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பல்லையாவது கொஞ்சம் சாய்த்து வைப்பார், ஒன்றின் நிறத்தை மங்கலாக்குவார், ஈறில் மயிரிழை போலச் சிவப்பு நரம்பு ஓட விடுவார். "சீரா அடுக்கி வச்சா அதுக்குப் பேரு பல்லு இல்ல, வேலி" என்பார். "என் பல்லைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் கொட்டாவி விட்டா, டாக்டருக்கே சந்தேகம் வரணும்" என்று மார்தட்டிக்கொள்வார். தற்பெருமைதான். ஆனால் வேலை அந்த மாதிரி இருக்கும்போது யாரால் என்ன சொல்ல முடியும்?

அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டிலேயே ஒரு வாய் அவருக்கு அடங்காமல் போனது. அவருடைய ஒரே மகளுக்கு ஐந்து வயது; வீட்டில் வாண்டு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பள்ளிக்கூடப் படியில் ஓடி விழுந்ததில் மேல் முன்பல் இரண்டும் போய்விட்டன. காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் வாயைப் பொத்திய இடது கை மட்டும் கீழே இறங்கவே இல்லை. பேசினாலும் சிரித்தாலும் கைக்குப் பின்னாலிருந்துதான். பள்ளிக்கூடத்தில் யார் எதிரிலும் சாப்பிட மாட்டாள். கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ் தொடாமல் திரும்பி வரும். வீட்டிலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பாடு.

"ரெண்டே ரெண்டு பல்லு, எனக்கு அரை நாள் வேலை" என்று சொல்லிக்கொண்டே பல்செட்காரர் மாடி ஏறினார்.

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டார். "தாடை வளர்ற வயசு. நாம எதையும் வைக்க வேண்டாம். தானா முளைக்கும்."

"எப்ப முளைக்கும் டாக்டர்?"

"ரெண்டு வருஷம்கூட ஆகலாம்."

அன்றைக்கு அவருக்கு வேலை ஓடவில்லை. ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறோம், பெற்ற பெண்ணுக்குக் கட்ட முடியவில்லையே என்று புலம்பிக்கொண்டே மெழுகை உருட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பு மிஸ் ஒரு கூத்தை அறிவித்தார். பூத விருந்து! பிள்ளைகள் எல்லாரும் பூத வேஷத்தில் வர வேண்டும். பூதம் ஆசையாகச் சாப்பிடும் பண்டம் ஏதாவது ஒன்றை ஆளுக்கொன்று வீட்டிலிருந்து கொண்டு வந்து, எல்லாவற்றையும் பொதுவில் வைத்து, கூடி உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

வாண்டு போகவே மாட்டாள் என்றுதான் பெற்றவர்கள் நினைத்தார்கள். அவளானால் தானாகவே வந்து, "எனக்கு முகமூடி வேணும்மா. கண்ணுக்கு மட்டும் ஓட்டை" என்றாள்.

"வாய்க்கு ஓட்டை இல்லாட்டி எப்படிடி சாப்பிடுவே?" என்றாள் அம்மா.

"நான் சாப்பிட மாட்டேன். சும்மா போயிட்டு வரேன்."

அம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் பார்வையிலேயே ஆள் முடிவெடுத்துவிட்டது தெரிந்தது. "அவ அங்க எல்லாரோடவும் உக்காந்து சாப்பிடுவா. நான் கொண்டு வர்ற பண்டத்தைப் பாத்தா அவ கை தானா இறங்கும். பாத்துக்கிட்டே இரு."

"நீங்க தலையிட்டா உருப்பட்ட மாதிரிதான்" என்று அம்மா முணுமுணுத்தாள். அவருக்கா அது காதில் விழும்?

பெரிய தர்பூசணி ஒன்றை வாங்கி வந்து அகலமாக வாய் வெட்டினார். உள்ளே இருந்த பழத்தைத் துண்டு போட்டு அதற்குள்ளேயே நிரப்பினார். முட்டைக்கோஸ் இலையில் காது, வேகவைத்த முட்டையில் கண். அத்தோடு விட்டிருந்தால் நல்ல பிள்ளையாக வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் பல் வைக்காமல் அவர் எப்படி விடுவார்? பூதத்துக்கென்று ஒரு முழு செட் புதிதாகச் செய்தார். கோரைப்பல்லை நீட்டிக் கோமாளித்தனம் பண்ண அவர் கை வரவில்லை. அச்சு அசல் மனிதப் பல். ஒன்று சாய்ந்து, ஒன்று மங்கி, ஈரம் மினுங்கும் ஈறில் நரம்பு ஓடியது. தன் வாழ்நாளில் இதைவிட நல்ல செட் செய்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

வகுப்பறையில் கொண்டாட்டம் அமர்க்களப்பட்டது. பச்சை நூடுல்ஸ் ஒரு பாத்திரத்தில் தலைமுடியாகச் சுருண்டு கிடந்தது. திராட்சைக் கண்கள் வைத்த ரொட்டித் துண்டுகள் முழித்துக்கொண்டிருந்தன. காகிதக் கொம்பும் துணி வாலுமாகப் பூதங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. பல்செட்காரர் தர்பூசணியை நடுமேசையில் வைத்து, மூடியிருந்த துணியை ஜம்பமாக உருவினார்.

அடுத்த நொடி வகுப்பே அலறியது. கொம்பு வைத்த பூதம் மிஸ்ஸின் புடவைக்குள் புகுந்தது. பச்சைச் சாயம் பூசிய பூதம் அழுத அழுகையில் சாயம் கழுத்து வரை கரைந்து ஒழுகியது. "அது கடிக்கும்! நிஜமாவே கடிக்கும்!"

மிஸ்ஸுக்கே முகம் வெளுத்துவிட்டது. "சார்... இந்தப் பல்லு... யாரோடது?"

"என் கைவேலைதான் மிஸ்!" என்று பூரித்துப்போய்ச் சொன்னார் மனிதர். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. அது வாயை மட்டும் மூடி வச்சிடலாமா?" என்று மிஸ் ஒரு கைக்குட்டையை எடுத்துத் தர்பூசணியின் வாய்மேல் போட்டார். அப்போதுதான் பல்செட்காரருக்கு உறைத்தது. மகளைச் சாப்பிட வைக்க வந்து, ஊர்ப் பிள்ளைகள் சாப்பாட்டையும் கெடுத்தாகிவிட்டது. முகமூடிக்குள் வாண்டு என்ன நினைக்கிறாளோ என்று அவளைப் பார்க்கவே கூசியது.

வாண்டு விடுவிடுவென்று மேசையிடம் வந்தாள். கைக்குட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மூடாதீங்க மிஸ். பாவம் அது." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "முன்னாடி ரெண்டு பல்லைப் புடுங்குங்கப்பா."

"எதுக்குடா?"

"புடுங்குங்க. அப்புறம் கடிக்காது."

முன்பல் இரண்டும்தான் அந்த செட்டுக்கே அழகு. இருந்தும் மகள் சொன்னால் சொன்னதுதான். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் குறடை எடுத்து, தன் வேலையைத் தானே பெயர்த்தார். டக். டக். இவ்வளவு நேரம் ஆளை விழுங்கப் பார்த்த பூதம், அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தது.

பச்சைப் பூதம் அழுகையை நிறுத்தி மூக்கை உறிஞ்சியது. "ஏய்... பொக்கைவாய்ப் பூதம்டா!"

"எனக்கும்தான் பொக்கை" என்று சொல்லிவிட்டு வாண்டு முகமூடியைக் கழற்றினாள்.

பச்சைப் பூதம் கிட்டே வந்து, அவள் வாய்க்கு நேராகக் குனிந்து, ஆஸ்பத்திரி டாக்டர்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார், அப்படிப் பார்த்தது.

"வலிச்சுதா?"

"ரொம்ப. இப்ப இல்ல."

"அந்த ஓட்டையில நாக்கு வருமா?"

வாண்டு நாக்கை நுழைத்துக் காட்டினாள். பின்னால் நின்ற பூதங்கள் முண்டியடித்தன. "எனக்கு, எனக்குக் காட்டு! நான் பாக்கவே இல்ல!" என்று கொம்புப் பூதம் புடவையை விட்டு ஓடி வந்தது. வாண்டு அலுக்காமல் ஒவ்வொருவருக்கும் காட்டினாள். பிறகு பூதத்தின் வாய்க்குள் கையை விட்டுப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தாள்.

அது ஒரு கைக்கு அடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்பல் இல்லாததால் தலையைச் சாய்த்துக் கடைவாயால் கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. வாய் நிறையப் பழத்தோடு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அப்பா, இன்னொண்ணு!" என்று கத்தினாள்.