புகைக்கூடத்தில் தைல வாசம்

அமெரிக்காவில், இர்விங் நகர அப்பார்ட்மெண்டில் மருமகள் யூக்கலிப்டஸ் தைலக் குப்பியைத் திறந்ததும், மலாயாவில் இன்று இல்லாமல் போய்விட்ட எங்கள் ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடம் என் மூக்கில் வந்து ஏறியது.

ரப்பர் தகடுகள் புகையில் காய்வதற்காகப் பழுப்புத் துணிகளாகத் தொங்கிய அந்த இருட்டில்தான், ஜப்பான்காரர்கள் தோற்று வெள்ளைக்காரர்கள் திரும்பியதும் எங்கள் தலைவர் ஒளிந்திருந்தார். வக்கீலாகத் தொடங்கி, தொழிலாளர் சங்கம் கட்டி, போர் வந்ததும் ஜப்பான்காரர்களுக்குக் கீழே இந்தியர் சபையை நடத்தியவர், ஓயாத தலைவலிக்கு அந்தத் தைலத்தையே நெற்றியில் பூசுபவர். வாசம் வெளியே தெரியாமலிருக்க அப்பா அடுப்பில் ஈர விறகாகப் போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்த்த நாட்கள் அவை. நான் அப்படிப் பார்த்தது தலைவரை. ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் அனுப்பிய பட்டியல்களில் அவர் கையெழுத்து இருந்தது. அங்கே போன என் அண்ணன் திரும்பவில்லை. ஆகவே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து கேட்டபோது, பன்னிரண்டு வயதில், புகைக்கூடத்தை நோக்கிக் கையை நீட்டினேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை.

"பாவி, பட்டியல்ல உங்கண்ணன் பேரை ரெண்டு தடவை அடிச்சு எடுத்ததே அவருதான்டா. அவனாத்தான் கூட்டாளிங்களோட போய் லாரியில ஏறினான்."

தலைவர் சிறையிலேயே இறந்தார்.

"மாமா, கோல்டுக்குக் கொஞ்சம் அப்ளை பண்ணிக்கோங்க."

"வேண்டாம்மா."

"ஏன், அலர்ஜியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். என் மனைவியிடமும் அவள் சாகும்வரை அதையேதான் சொல்லியிருந்தேன்.