சத்தும் சத்தமும்

ரக்ன்ஃப்ரிட் ஓஸ்லோவிலிருந்து எங்கள் வோஸ் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. மருந்துக்கடையில் வேலை. பாதி ஊருக்கு இரத்த அழுத்த மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஆனால் பீர் காய்ச்சுகிற பேச்சு வந்தால் மட்டும் அவள் இன்னும் 'ஓஸ்லோக்காரி'. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடும் பீர் நானே காய்ச்சுகிறேன், சனிக்கிழமை குடித்துப் பார்க்க வாருங்கள் என்று ஊரையே கூப்பிட்டுவிட்டாள். சொதப்பினால் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

புதன்கிழமை காய்ச்சினாள். ஈஸ்ட், பக்கத்து வீட்டுக்காரி நான் கொடுத்தது. கசப்புக்குப் போடும் வழக்கமான ஹாப்ஸ் பூ கடையில் தீர்ந்துபோயிருந்தது. கிடைத்ததோ இரண்டு மடங்கு கசப்பு. தராசில் நிறுத்துப் பாதிதான் போட்டாள். அவள் கணவனின் அண்ணன் லைடுல்வ் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கோழிக்குத் தீனி போடுறியா?"

"இதுவே போதும், அத்தான். கசப்பு ஜாஸ்தி."

ஈஸ்டை ஊற்றும்போது ஊர் வழக்கப்படி நாங்கள் எல்லோரும் ஒரு கத்து கத்துவோம். எவ்வளவு சத்தமோ அவ்வளவு வீரியம். அவளோ, "ஈஸ்டுக்குக் காது இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஊமையாக ஊற்றினாள். லைடுல்வ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குக் கடுப்பாக இருந்தது.

மறுநாள் காலை ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். பீரில் பொட்டு நுரை இல்லை.

"போச்சுடி, மானம் போச்சு!" என்று நோட்டைப் புரட்டினாள். "ஐயோ, ஈஸ்டுக்குப் போடுற சத்துப்பொடியைச் சாதா பீர் அளவுக்குப் போட்டுத் தொலைச்சிருக்கேன். இதுல சர்க்கரை ஒன்றரை மடங்கு. பாவம், ஈஸ்ட் பட்டினி கிடக்கு."

பொடியும் தீர்ந்துவிட்டது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் இரண்டு பாக்கெட்டைத் தண்ணீரில் கொட்டிக் கொதிக்கவிட்டாள்.

"அய்யய்யோ, செத்துடாதா?"

"சாகட்டும். செத்ததுதான் அதுக்குச் சாப்பாடு."

"சொந்தக்காரங்களையே தின்னுமா?"

"கிறிஸ்துமஸ் விருந்துல நாம பண்றதுதானேடி?"

ஆறவைத்து ஊற்றி, நன்றாகக் கலக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வெளியே போடி."

"ஏண்டி?"

"போடின்னா!"

கதவைச் சாத்தினாள். அடுத்த நொடி உள்ளேயிருந்து ஒரு அலறல், யம்மாடி! லைடுல்வ் ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு பனியில் ஓடிவந்தார்.

"சுட்டுக்கிட்டாளா?"

"இல்ல, ஈஸ்டோட பேசிட்டிருக்கா."

சாயங்காலத்துக்குள் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. சோறா, சத்தமா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

சனிக்கிழமை சமையலறையில் நிற்க இடமில்லை. லைடுல்வ் ஒரு கிண்ணம் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று குடித்தார். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே அந்த மனுஷன்! ரக்ன்ஃப்ரிட் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு காலி ஜாம் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"உன் ஈஸ்ட்ல கொஞ்சம் குடும்மா."

நன்றாகக் காய்ச்சுகிறவர்கள் என்று மனதார நினைப்பவர்களிடம்தான் எங்கள் ஊரில் ஈஸ்ட் கேட்பார்கள். முப்பது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், என்னிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பொறாமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அவள் பீருக்கு அடியில் படிந்திருந்த ஈஸ்டைக் கரண்டியால் அள்ளி ஊற்றினாள். பாட்டில் நிரம்பி அவர் கைமேல் வழிந்தது. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.