கட்டத்துக்கு வெளியே 2,714 பேர்

ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டைத் தாண்டி உள்ளே போனால் வரும் சிற்றூரில், மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வு திறந்துவிடுவது காந்திமதியின் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறாள். போன வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டுமே ஏமாற்றிவிட்டன. மாசியிலேயே ஒரு போர்வெல் வெறும் காற்றைக் கக்கியது.

மாவட்டத்தில் வறட்சித் திட்டம் போட்டார்கள். ஊருக்குத் தினமும் ஒரு தண்ணீர் லாரி என்று உத்தரவு வந்தது. லாரியும் வந்தது, அரை மணியில் தீர்ந்தும் போனது. உத்தரவு பார்த்தது 2011 மக்கள்தொகையை: ஆயிரத்து நாற்பது பேர். ஒரகடம் கார் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற தென்மாவட்டத்துப் பிள்ளைகள், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் அடைந்து கிடந்தது அதில் எங்கும் இல்லை.

ஊராட்சிச் செயலர் நரசிம்மன் வந்தார். "லைன் வூட்டுப் பக்கம் வால்வ மூடிடு. அவங்கோ கேன் வாங்கிக்கட்டும்."

"வாடகை வாங்கறது நம்ம ஊர்க்காரங்கதானே சார்? தண்ணின்னா மட்டும் அசலூரா?" என்றாள் காந்திமதி. மூடவில்லை. ஊர்ப் பெண்கள் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

லைன் வீட்டில் குடியிருந்த இசக்கிசெல்வி, ஷிஃப்ட் முடிந்து வந்தவள், காலிக் குடத்தோடு நின்றாள். "எக்கா, கம்பெனி பஸ்ஸில எங்கள ஒவ்வொருத்தியா எண்ணித்தான் ஏத்துதாவ. இங்க எண்ண ஆளில்லையா?"

அது காந்திமதிக்குச் சுருக்கென்றது. இருவரும் மூன்று நாள் அறை அறையாக ஏறி இறங்கினார்கள். லைன் வீடுகளில் மட்டும் 2,714 பேர்.

அந்தத் தாளோடு ஒன்றிய அலுவலகம் போனாள். வறட்சிப் பணியைப் பார்த்த அதிகாரி வானமாமலை உட்காரச் சொன்னார். படிவத்தைக் காட்டினார். "மக்கள்தொகைக் கட்டத்துல சென்சஸ் எண்தாம்மா போடணும். மாத்தினா மேல இருந்து திருப்பி அனுப்பிருவாங்க."

"2011-ல பொறந்த புள்ள பத்தாவது பரீட்சையே எழுதிட்ச்சு சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. கால்நடைக்கு இந்த வருஷ எண்ணிக்கையே போடலாம். ஒரு ஐநூறு மாடு சேத்துப் போடுங்க. இன்னொரு லாரி வந்துரும்."

காந்திமதி படிவத்தை இழுத்துப் பார்த்தாள். மாட்டை இந்த வருஷம் எண்ணியிருக்கிறார்கள்!

"கார் செய்யற பொண்ணுங்கள மாடுன்னு எழுதச் சொல்றீங்களா?"

"தண்ணி வேணுமா, வேணாமா?"

"வேணும். மனுஷங்கன்னு எழுதித்தான் வேணும்."

பேனாவை வாங்கி, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் எழுதினாள்: 'வாடகைக்கு இருக்கும் மனிதர்கள் 2,714.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் வாரம் திங்கள்கிழமை, கம்பெனிச் சட்டையோடு நாற்பது பெண்களை அழைத்துக்கொண்டு மாவட்டக் குறைதீர் கூட்டத்துக்குப் போனாள். கூப்பிடும்வரை யாரும் நகரவில்லை. நான்கு நாள் கழித்து இரண்டாவது லாரி வந்தது. அவள் கேட்டது மூன்று லாரி. வரம்பு மீறியதாக நரசிம்மன் அவளுக்கு மெமோ கொடுத்தார். 'எண்ணினேன், எழுதினேன்' என்று பதில் எழுதினாள்.

அடுத்த வருஷம் வந்த வறட்சிப் படிவத்தில் கோழிக்கும் ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். வாடகைக்காரர்களுக்கு இல்லை. அன்று மதியமே காந்திமதி இசக்கிசெல்விக்குப் போன் போட்டாள்.

"எப்போ உனக்கு லீவு? மறுபடியும் போவணும்."