பார்த்தவர்கள் எத்தனை பேர்

மார்ச் 4: நினைத்தது 9, பார்த்தது 3.
மார்ச் 11: நினைத்தது 9, பார்த்தது 2.
மார்ச் 18: நினைத்தது 6, பார்த்தது 1.
மார்ச் 25: நினைத்தது 4, பார்த்தது 0.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவரின் சட்டைப்பை நோட்டில் இருந்த கணக்கு இது. செவ்வாய்தோறும் ஒன்பது அதிகாரிகள் எதிரில் அவர் அளந்து கொடுத்ததை வைத்து அலுவலகம் தட்டச்சிட்டுத் தரும் தண்ணீர் அறிக்கையை வாசித்துக் கையெழுத்திட வேண்டும். அதில்தான் அவருக்கு உயிர் போகும். கை நடுங்குகிறதா, குரல் பிசிறுகிறதா என்று கவனம் முழுக்கத் தன் மேலேயே இருக்கும். வாசிப்பது காதில் ஏறாது. பிப்ரவரியில் ஒரு நாள் பாதியில் எழுந்து ஓடிவிட்டார். இன்னொரு முறை ஓடினால் வேலை போய்விடும் என்று முதல் கடிதம் வந்தது.

மனைவி அவரை மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மா மாத்திரை எழுதவில்லை.

"உங்களையே காவல் காக்காதீங்க. எத்தனை பேர் பாக்கறாங்கன்னு நினைக்கிறீங்க, நிஜமா எத்தனை பேர் பாக்கறாங்க, ரெண்டையும் எழுதிட்டு வாங்க."

"கல்யாணத்தன்னைக்கு நானே இவரச் சரியாப் பாக்கல, டாக்டர்" என்றாள் மனைவி.

எண்கள் இறங்கின. பூஜ்யம் வந்த வாரம் அவர் குழந்தை மாதிரி நோட்டை நீட்டினார். மருத்துவர் சிரிக்கவில்லை. ஒருத்தர்கூடவா பார்க்கவில்லை என்று இரண்டு முறை கேட்டார்.

ஏப்ரல் 1 அன்று கை நடுங்கவில்லை. தான் வாசிப்பது முதன்முறையாக அவர் காதில் விழுந்தது. ஏழாவது தொட்டி, குளோரின் 0.2. அது இருக்க வேண்டிய அளவு. அவர் அளந்து எழுதிக் கொடுத்ததோ 0.02; அதில் கிருமி சாகாது. நிமிர்ந்தார். ஒன்பது பேரும் மேசையைப் பார்த்தபடி இருந்தார்கள். அந்த இடம் வரும்போது குனிவது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தத் தொட்டியிலிருந்துதான் பெரிய மருத்துவமனைக்குக் குழாய் போகிறது. பேசாமல் வாசித்து முடித்திருந்தால் வேலை தப்பியிருக்கும்.

"சார், ஏழாவது தொட்டிக்கு நான் எழுதினது இது இல்ல."

ஒன்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர்களில் நடுவில் இருந்த மேலாளர் குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்கு மனசு சரியில்லன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க."

ஏப்ரல் 4 அன்று, மருத்துவச் சான்று இல்லாமல் கூடத்துக்குள் வரக்கூடாது என்று இரண்டாவது கடிதம். ஏப்ரல் 9 அன்று மருத்துவமனையில் பதினோரு நோயாளிகளுக்கு வாந்தி பேதி. மறுநாள் பழைய அறிக்கைகளை விசாரணைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இருந்தது அவர் கையெழுத்து மட்டும்தான்.

வேலை நீக்கம் என்று கடைசிக் கடிதம் வந்தது ஏப்ரல் 17, வியாழக்கிழமை.